சோம்பல் அல்ல, லூப்பஸ்

எங்கள் பள்ளியில் படிவம் 3 மாணவி ஒருத்தி இருந்தாள். வலைப்பந்துக் குழுவில் நன்றாக ஆடக்கூடியவள். திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், “கை விரலெல்லாம் வலிக்குது டீச்சர், காலையில மடக்கவே முடியல” என்பாள். காலைச் சபைக்கூடலில் வெயில் படாத இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்பாள். பாட நேரத்தில் மேசையில் தலை சாய்ப்பாள்.

“இந்த வயசுல என்னம்மா மூட்டுவலி? அதெல்லாம் பாட்டிக்குத்தானே வரும்!” என்று ஒரு நாள் வகுப்பின் முன்னால் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அவளுக்கு வந்திருந்தது சோம்பல் அல்ல, லூப்பஸ் என்ற நோய். அது தெரிய வருவதற்குள் நான்கு மாதம் ஆகிவிட்டது. அவளும் அவள் அம்மாவும் அனுமதி கொடுத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

காவலரே தாக்கினால்?

நம் உடலில் நோய் எதிர்ப்பு அமைப்பு ஒன்று இருப்பதைப் படிவம் 2 அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கிருமி உள்ளே நுழைந்தால் வெள்ளை இரத்த அணுக்கள் அதை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள் எனப்படும் புரதங்களைச் சுரக்கின்றன. எது கிருமி, எது சொந்த உயிரணு என்று பிரித்தறிவதுதான் இந்த அமைப்பின் முதல் திறமை.

லூப்பஸில் அந்தத் திறமை குழம்பிவிடுகிறது. உடல் தன் சொந்த உயிரணுக்களின் கருவில் உள்ள பொருள்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. உயிரணுக்கரு இல்லாத உறுப்பு உண்டா? இல்லை. அதனால்தான் இந்த நோய் தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம், நுரையீரல் உறை, மூளை என எங்கும் தலைகாட்டுகிறது.

‘லூப்பஸ்’ என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்தில் ஏற்பட்ட சில புண்கள் ஓநாய் கடித்ததுபோல் இருந்ததால் இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயர் வந்தது. இது தொற்றுநோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது.

ஏன் வருகிறது? ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. மரபணு, ஹார்மோன், சூரிய ஒளி, சில கிருமித் தொற்றுகள் ஆகியவை சேர்ந்து நோயைத் தூண்டுகின்றன. 2022ஆம் ஆண்டில், கடுமையான லூப்பஸ் கண்ட ஒரு சிறுமியின் மரபணுக்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், டிஎல்ஆர்7 என்ற ஒரே மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமே நோயை உண்டாக்கியதைக் காட்டினர். அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு அல்லவா? நோய் கண்ட பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஆண் பிள்ளைகளுக்கும் லூப்பஸ் வரும். நோயாளிகளில் ஐவரில் ஒருவர் வரை 18 வயதுக்கு முன்பே நோய் காண்கிறார்கள்.

நான்கு முறை, நான்கு கிளினிக்

என் மாணவி முதலில் காய்ச்சலுக்காகக் கிளினிக் போனாள். வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். அடுத்த மாதம் மூட்டுவலி. விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று வலி மாத்திரை. பிறகு கன்னம் இரண்டும் சிவந்தன. முகப்பரு என்று களிம்பு. ஒவ்வொரு முறையும் வேறு கிளினிக், வேறு மருத்துவர்.

அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் சிறார் லூப்பஸ் அரிதான நோய். ஒரு கிளினிக் மருத்துவர் பல ஆண்டுகளில் ஒரு பிள்ளையைத்தான் பார்க்க நேரிடும். காய்ச்சல், களைப்பு, வலி எல்லாம் தினமும் அவர் முன் வந்து நிற்பவை. போதாக்குறைக்கு நம் நாட்டில் டெங்கி வேறு. காய்ச்சலோடு வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் குறைந்தால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது டெங்கிதான். லூப்பஸிலும் இதே இரண்டும் குறையலாம். வேறுபாட்டைக் காட்டுவது காலம். டெங்கிக் காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்கும், இரத்த எண்ணிக்கையும் மீண்டும் ஏறும். வாரக்கணக்கில் இழுத்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

நான்காம் முறை அவள் கால் வீங்கிப் போனாள். அந்த மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. “இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போனீங்க?” என்று அம்மாவிடம் கேட்டு, பழைய சீட்டுகளையெல்லாம் மேசையில் வரிசையாக அடுக்கினார். காய்ச்சல், மூட்டு, கன்னம், வீக்கம். தனித்தனியே பார்த்தால் நான்கு சிறு தொல்லைகள். சேர்த்துப் பார்த்தால் ஒரே நோய்.

மருத்துவர்கள் சேர்த்துப் பார்க்கும் அறிகுறிகள் இவை:

- காரணம் தெரியாமல் நீடிக்கும் காய்ச்சல், களைப்பு, எடை குறைதல்
- இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பு. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பில் மட்டும் சிவப்பு இருக்காது
- வெயில் பட்டால் தோல் சிவந்து தடித்தல்
- விரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகளில் வீக்கம், காலையில் விறைப்பு
- மேலண்ணத்தில் வலி இல்லாத புண்
- கொத்தாக முடி உதிர்தல்
- மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி
- கால் அல்லது கண்ணைச் சுற்றி வீக்கம், நுரைத்த சிறுநீர்
- வலிப்பு, திடீர் நினைவுக் குழப்பம்

இவற்றுள் ஒன்று இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். முகப்பரு பெரும்பாலும் முகப்பருவேதான். இரண்டு மூன்று சேர்ந்து, வாரக்கணக்கில் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும். வலிப்பு, மூச்சுத் திணறல், உடல் வீக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.

நிறம் மாறிய பட்டை

அந்த மருத்துவர் செய்தவை இரண்டே எளிய சோதனைகள். இரத்த அழுத்தம் பார்த்தார். அவள் வயதுக்கு அது அதிகம். பிறகு சிறுநீரில் ஒரு பட்டையை முக்கி எடுத்தார். மஞ்சள் கட்டம் பச்சையானது. சிறுநீரில் புரதம் இருக்கிறது என்று பொருள்.

இதில் உங்களுக்குத் தெரிந்த வேதியியல் உண்டு. அந்தக் கட்டத்தில் இருப்பது ஒரு நிறங்காட்டி, ஆய்வுக்கூடத்தில் அமிலமா காரமா என்று பார்க்கப் பயன்படுத்துகிறோமே, அந்த வகை. பட்டையில் அமிலத்தன்மை மாறாமல் இருக்கும்படி செய்திருப்பார்கள். அல்புமின் என்ற புரதம் வந்தால் அது நிறங்காட்டியிடமிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வாங்கிக்கொள்ள, நிறம் மாறுகிறது.

நல்ல சிறுநீரகம் அல்புமினை அதிகம் வெளியே விடாது. லூப்பஸ் எதிர்ப்பொருள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அவற்றைப் புண்ணாக்கும்போது புரதம் ஒழுகுகிறது. லூப்பஸ் கண்ட சிறார்களில் பாதிப்பேருக்காவது சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதுவும் தொடக்கத்தில் வலியே இருக்காது. அதனால்தான் அந்தச் சிறு பட்டை இவ்வளவு முக்கியம்.

இரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகத்தின் வேலை, சி3, சி4 என்ற புரதங்களின் அளவு ஆகியவையும் பார்க்கப்படும். அடுத்தது ஏஎன்ஏ சோதனை. உயிரணுக்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டா என்று அது காட்டும். லூப்பஸ் உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் இது இருக்கும். ஆனால் நோயே இல்லாத பலருக்கும் இருக்கும்! ஆகவே ஏஎன்ஏ இல்லை என்றால் லூப்பஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிறது என்பதற்காக மட்டும் லூப்பஸ் என்று முடிவு கட்டக் கூடாது. அறிகுறி உள்ளவருக்குச் செய்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள். எந்தச் சோதனையையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

அன்றே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதப்பட்டது. அங்கே சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்தார்கள்.

மலேரியா மருந்தும் ஸ்டீராய்டும்

1950களில் லூப்பஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நான்கைந்து ஆண்டுக்குள் இறந்தனர். இன்று, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் 90 விழுக்காட்டுக்கு மேல்.

இந்த மாற்றத்தில் பங்குள்ள ஒரு மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். அது முதலில் மலேரியா மருந்து. இப்போது லூப்பஸ் நோயாளிகள் பெரும்பாலோர் தினமும் எடுக்கிறார்கள். நோய் மீண்டும் சீறுவதை இது குறைக்கிறது. நீண்ட காலம் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனை அவசியம்.

இன்னொன்று பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. எரியும் நெருப்பை விரைவில் அணைக்கும். ஆனால் பசியைத் தூண்டும், முகத்தை நிலாபோல் உருண்டையாக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் எதிர்ப்பு அமைப்பை அடக்கும் வேறு மருந்துகளும் சேரும்.

என் மாணவி உருண்டை முகத்தோடு வகுப்புக்குத் திரும்பினாள். யாரோ ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அது பரவியது. அவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போடத் தொடங்கினாள். ஒரு வாரத்தில் வாந்தி, மயக்கம். அம்மா பதறி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஏன் அப்படி ஆனது? சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்தால், ‘தேவை இல்லை’ என்று சுரப்பி வேலையை நிறுத்திவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடலில் இரண்டும் இல்லை. இரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்து. ஆகவே மருத்துவர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

அந்தப் பட்டப்பெயர் ஒரு விளையாட்டுப் பேச்சுதான். பாட்டி என்று நான் சொன்னதும் விளையாட்டுப் பேச்சுதான்.

பக்கத்துக் கிளினிக்கின் பங்கு

நிபுணர் இருப்பது பெரிய மருத்துவமனையில். ஆனால் பிள்ளை வாழ்வது வீட்டிலும் பள்ளியிலும். இடைப்பட்ட நாள்களில் இரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரைச் சோதிப்பது, உயரம் எடை குறிப்பது, தடுப்பூசியைக் கவனிப்பது எல்லாம் பக்கத்துக் கிளினிக்கிலேயே நடக்கலாம். சளிக்காய்ச்சல் தடுப்பூசி, எச்பிவி தடுப்பூசி போன்றவை உயிருள்ள கிருமி இல்லாதவை, இவர்களுக்குத் தேவையானவை. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தடுப்பூசிகளை, எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மருந்து எடுக்கும்போது பொதுவாகத் தவிர்ப்பார்கள். இந்த மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வெயில் இன்னொரு பகை. புற ஊதாக் கதிர் பட்டுத் தோலின் உயிரணுக்கள் இறக்கும்போது கருவில் உள்ள பொருள்கள் வெளியே சிதறி, எதிர்ப்பு அமைப்பை மேலும் தூண்டுகின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு ஆண்டு முழுதும் இந்தக் கதிர் கடுமை. தொப்பி, நீண்ட கைச் சட்டை, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத களிம்பு தேவை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும்.

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளை அன்போடு வாங்கிக் கொடுக்கும் உறவினர்கள் உண்டு. இங்கே தொல்லையே அந்தச் சக்தி தவறான பக்கம் திரும்பியிருப்பதுதான். மருத்துவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது.

ஒரே ஒரு கேள்வி

மே 10, உலக லூப்பஸ் தினம். அன்று மட்டும் நினைத்தால் போதாது. உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வையுங்கள். எந்தக் கிளினிக் போனாலும் சீட்டையும் இரத்தச் சோதனைத் தாளையும் அதில் போடுங்கள். அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டு செல்லுங்கள். சேர்த்துப் பார்க்கும் வேலை மருத்துவருக்கு எளிதாகும்.

என் மாணவி இப்போது படிவம் 5. இவ்வாண்டு எஸ்பிஎம் எழுதுகிறாள். மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறாள். சிறுநீரில் புரதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. காலைச் சபைக்கூடலில் அவள் இன்னும் கூரைக்கு அடியில்தான் நிற்கிறாள். அவளோடு தோழிகள் இருவரும் அங்கேயே நிற்கிறார்கள்.

நானும் மாறியிருக்கிறேன். மாணவர் யாராவது “வலிக்குது டீச்சர்” என்றால் இப்போது நான் முதலில் கேட்பது, “எத்தனை நாளா?” என்பதைத்தான். உங்கள் நண்பரிடம் நீங்களும் அதையே கேளுங்கள்.