முப்பதைக் கடந்து பரதநாட்டியத் தேர்வு: வயதுத் தடை இல்லை, சலுகையும் இல்லை

மும்பை: மாதுங்கா, செம்பூர், தாராவி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பரதநாட்டிய வகுப்பு புதிதல்ல. மாலையில் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வந்து வாசலில் காத்திருக்கும் தாய்மார்களில் சிலர், ஒரு கட்டத்தில் தாங்களும் உள்ளே சென்று அரைமண்டியில் நிற்கத் தொடங்குகின்றனர். சிறுவயதில் கற்று, திருமணத்துக்குப் பின் நிறுத்தியவர்களும் அவர்களில் உண்டு. முதன்முறையாகக் காலில் சலங்கை கட்டுபவர்களும் உண்டு. ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும் அவர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: குழந்தைகள் எழுதும் நிலைத் தேர்வை நாமும் எழுதலாமா?

எழுதலாம். ஆனால், அதற்கு முன் அந்தத் தேர்வு எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தேர்வை நடத்துவது யார்?

மும்பையில் நடனமும் இசையும் பயில்வோர் பரவலாக எழுதுவது, அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டல் நடத்தும் தேர்வுகளையே. இந்துஸ்தானி இசை மேதை விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-ஆம் ஆண்டு லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். அரசவை ஆதரவிலும் குருவின் வீட்டிலும் மட்டுமே கிடைத்துவந்த இசைக் கல்வியைப் பாடத்திட்டம், வகுப்பு, தேர்வு என்ற முறைக்குள் கொண்டுவந்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது அந்தப் பள்ளி. 1908-இல் பம்பாயிலும் அதன் கிளை அமைந்தது. பலுஸ்கர் 1931-இல் மறைந்த பின், அவருடைய சீடர்கள் ஒன்றுகூடி இந்த மண்டலை உருவாக்கினர். இன்று பாட்டு, இசைக்கருவிகள், கதக் ஆகியவற்றுடன் பரதநாட்டியத்துக்கும் இது தேர்வு நடத்துகிறது.

முதல் நிலை பிராரம்பிக். அடுத்து பிரவேசிகா, மத்யமா, விசாரத் ஆகிய மூன்றும் தலா இரு கட்டங்களாக அமைந்துள்ளன. அவற்றுக்கு மேல் இருப்பது அலங்கார். ஆண்டுக்கு ஒரு தேர்வு என்ற கணக்கில் தொடக்கத்திலிருந்து விசாரத் முடிக்க ஏழு ஆண்டுகள் ஆகும். 35 வயதில் முதல் தேர்வை எழுதும் ஒருவர், இடையில் நிற்காமல் சென்றால் நாற்பதைக் கடந்த பிறகே விசாரத் சான்றிதழைக் கையில் பெறுவார். தொடக்க நிலைகளில் செய்முறையும் வாய்மொழிக் கேள்விகளுமே முதன்மை பெறுகின்றன. மேல்நிலைகளில் எழுத்துத் தேர்வும் சேர்ந்துகொள்கிறது.

தேர்வறையில் நடப்பது என்ன?

நிலைகளின் பெயர்கள் வடமொழியில் இருந்தாலும், உள்ளே கேட்கப்படுவதில் பெரும்பகுதி தஞ்சை மண்ணிலிருந்து வந்தது. தட்டடவு, நாட்டடவு போன்ற அடவுகளை மூன்று காலங்களிலும் ஆடிக்காட்ட வேண்டும். முதல் காலத்தில் ஓர் அடவுக்கு ஆகும் நேரத்தில், மூன்றாம் காலத்தில் அதே அடவை நான்கு முறை ஆட வேண்டியிருக்கும். வேகம் கூடும்போது அரைமண்டி உயர்ந்துவிடாமல் இருக்கிறதா, கை முழுமையாக நீள்கிறதா என்பதைத் தேர்வாளர் கவனிப்பார்.

அடுத்தது சொல்லுக்கட்டு. அடவுக்குரிய சொற்களைக் கையில் தாளம் போட்டபடி சொல்ல வேண்டும். ஆடும்போது கால் தானாகவே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்த நிலையில், எட்டு அட்சர ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு வாயால் சொல்லும்போதுதான் கணக்கு உண்மையில் மனத்தில் பதிந்திருக்கிறதா என்பது வெளிப்படும். அபிநய தர்ப்பணம் கூறும் ஒற்றைக்கை முத்திரைகள் 28, தலை அசைவுகள் 9, பார்வைகள் 8, கழுத்து அசைவுகள் 4 ஆகியவற்றையும் சுலோகத்துடன் செய்து காட்ட வேண்டியிருக்கும். நிலை உயர உயர அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என உருப்படிகள் சேர்கின்றன.

பெரியவர்கள் பலரும் தடுமாறுவது நடனத்தை விட அந்த அறையின் சூழலில்தான். கற்றுக்கொடுத்த குருவுக்குப் பதிலாக, முன்பின் அறியாத ஒருவர் எதிரில் அமர்ந்து மதிப்பெண் இடுகிறார். அலுவலகத்திலோ வீட்டிலோ பொறுப்பான இடத்தில் இருப்பவர், பத்து வயதுச் சிறுமிகளோடு வரிசையில் காத்திருந்து, அழைத்ததும் உள்ளே சென்று வணங்கி ஆட வேண்டும். மகாராஷ்டிரத்தில் சாஸ்திரியக் கலைத் தேர்வுகளில் தேறும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கும் நடைமுறை இருப்பதால், தேர்வு மையங்களில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டமே மிகுதி. பெரியவருக்கு அந்தக் கூடுதல் மதிப்பெண்ணால் பயன் இல்லை. தன் உடலும் நினைவாற்றலும் எந்த அளவுக்குப் பழகியிருக்கின்றன என்பதை வேறொருவரின் கண்கொண்டு அறிவதே அவருக்குக் கிடைக்கும் பயன்.

வயதுக்குத் தனி அளவுகோல் உண்டா?

உடலால் ஆடிக்காட்டும் கலைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் இந்தக் கேள்வி உலகெங்கும் பொது. அமெரிக்காவில் பனித்தரை நடனச் சறுக்கில் பெரியவர்களுக்கென முன்வெண்கலம், வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தனித் தேர்வு நிலைகள் உள்ளன. 1995-ஆம் ஆண்டு டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பெரியவர்களுக்கான முதல் தேசியப் போட்டியும் நடைபெற்றது. வயதேறிய உடலிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு அது.

பரதநாட்டியத் தேர்வில் அத்தகைய பிரிவு இல்லை. எட்டு வயதுச் சிறுமிக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கும் பாடத்திட்டம் ஒன்றே, அரைமண்டியும் ஒன்றே. இதில் நன்மையும் உண்டு, சுமையும் உண்டு. பெறும் மதிப்பெண்ணை வயதுக்காகத் தரப்பட்டது என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால், இளம் உடல் எளிதில் தாங்கும் பயிற்சியை மூத்த உடலும் தாங்கியாக வேண்டும். எனவே, சலுகையைத் தேர்வில் எதிர்பார்ப்பதை விட, அதற்குத் தயாராகும் காலத்தை நீட்டிக்கொள்வதே விவேகம்.

முழங்காலைக் காப்பது எப்படி?

முழங்கால் மடங்க மடங்க, முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான அழுத்தம் கூடுகிறது. அரைமண்டியில் நெடுநேரம் நின்று தரையைத் தட்டும்போது இந்த அழுத்தம் மீண்டும் மீண்டும் ஏற்படுகிறது. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாத நிலையில் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், அந்த முறுக்கு முழங்காலில் வந்து விழும். மடங்கிய முழங்கால், பாத விரல்களின் திசையிலேயே இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வது எளிய சோதனை.

பயிற்சியால் தசைகள் சில வாரங்களில் வலுப்பெறத் தொடங்கினாலும், அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் மெதுவாகவே பழகும். தேர்வு நெருங்கும்போது பயிற்சி நேரத்தைத் திடீரென இரட்டிப்பாக்குவது பெரியவர்களுக்கு ஆபத்தாக முடிவது இதனால்தான். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், இடையில் ஓய்வு நாள் விடுவதும் நல்லது. வீக்கமோ நீங்காத வலியோ இருந்தால், தேர்வுத் தேதியைப் பொருட்படுத்தாமல் எலும்பு மருத்துவரை அணுக வேண்டும்.

தாராவி போன்ற இடங்களில் இடமும் ஒரு சிக்கல். ஒற்றை அறை வீட்டில் நாட்டடவுக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. மாடி வீடாயின், தட்டும் ஓசை கீழ்வீட்டாருக்குத் தொல்லையாகும். அத்தகைய சூழலில் சொல்லுக்கட்டு, முத்திரைச் சுலோகங்கள், தாளம் ஆகியவற்றை வீட்டிலேயே அமர்ந்தபடி பழகி, அடவுகளை வகுப்பு நேரத்துக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

அரங்கேற்றமா, தேர்வா?

மும்பையில் பரதநாட்டியம் வேரூன்றியதில் தஞ்சை மரபு நட்டுவனார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1945-இல் தொடங்கப்பட்டு மாதுங்காவில் இயங்கிய ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திர் அவர்களின் உழைப்பால் வளர்ந்தது. அந்த மரபில் தேர்ச்சியின் அடையாளம் அரங்கேற்றமே. குரு தகுதி பெற்றதாகக் கருதும்போது, பக்கவாத்தியங்களுடன் சபையின் முன் மாணவி முழு மார்க்கமும் ஆடுவார். மண்டபம், வாத்தியக் கலைஞர்கள், ஆடை அணிகலன், விருந்து எனச் செலவு பெருகிவிட்ட இக்காலத்தில், நடுத்தர, எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அரங்கேற்றம் எட்டாத ஒன்றாகிவிட்டது. நிலைத் தேர்வு அரங்கேற்றத்துக்கு ஈடாகாது. ஆயினும், பணம் இல்லாத காரணத்தால் ஒருவரின் உழைப்பு யார் கண்ணிலும் படாமல் போவதை அது தடுக்கிறது.

சான்றிதழின் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். மண்டல் ஒரு பல்கலைக்கழகம் அல்ல. விசாரத் சான்றிதழ் நடனம் கற்பிக்க விரும்புவோருக்கு மதிப்புமிக்க சான்றாக அமைந்தாலும், எல்லா இடங்களிலும் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கப்படுவதில்லை. பட்டமே தேவை எனில், கனக் ரேலே நிறுவிய நாளந்தா நிருத்யகலா மகாவித்யாலயா போன்ற, மும்பைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளை நாட வேண்டும்.

தாமதமாகத் தொடங்குவது குறித்துத் தயங்குவோருக்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், முப்பதை நெருங்கும் வயதில்தான் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் இக்கலையைப் பயின்றார். 1935 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் அவர் முதன்முறையாக மேடையேறியபோது வயது 31. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்ரா பிறந்தது.

அவருக்குக் கிடைத்த குருமார்களும் ஓய்வும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வேலை முடிந்து, மின்சார ரயிலில் நின்றபடி வந்து, வாரம் இருமுறை ஆடக் கிடைக்கும் ஒரு மணி நேரமே பலருக்கும் உள்ள மூலதனம். அந்த நேரத்தைக் கொண்டு எத்தனை ஆண்டுகளில் எந்த நிலையை எட்டலாம் என்பதைக் குருவிடம் கலந்து பேசி, முதல் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. தேறாவிட்டால் மீண்டும் எழுதலாம். தேய்ந்த முழங்காலைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதன்று.