வயித்தை வெட்டுறதுக்கு முன்னாடி... ஒரு நிமிஷம் பாஸ்!

“மாப்ள, வயித்துல கொஞ்சம் வெட்டி எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்ல?”

அச்சங்குளத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து காலேஜ் வருகிற ஃப்ரெண்ட் இப்படிக் கேட்டதும் எனக்குப் பதில் தெரியலை. உயரம் 170 செ.மீ., எடை 118 கிலோ. கிளாஸில் அவனுக்கு ‘புல்டோசர்’னு பட்டப்பேர். வெச்சதில் எனக்கும் பங்கு உண்டு. ராத்திரி மூச்சு முட்டி எழுந்திரிக்கிறான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அப்புறம் தேடிப் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல கணக்கு. கிலோ எடையை, மீட்டர் உயரத்தால் ரெண்டு தடவை வகுத்தால் பி.எம்.ஐ. அவனுக்கு 40.8. இன்சூரன்ஸ் விதிப்படி 18 வயசு தாண்டி, பி.எம்.ஐ. 40 அல்லது அதுக்கு மேல் இருக்கணும். 35 என்றால், கட்டுப்படாத சுகர், தூக்கத்தில் கடுமையான மூச்சடைப்பு மாதிரி சிக்கலும் இருக்கணும், மத்த வழிகள் பலிக்காமப் போயிருக்கணும். டாக்டர் பரிந்துரை கட்டாயம். லேசான தொப்பைக்கு இது இல்லீங்க!

‘ஸ்லீவ்’ ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துடுவாங்க. மிச்சம், வாழைப்பழம் சைஸில் ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறையும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை நாலு நாலா உள்ளே தள்ளினவங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மென்னுதான் சாப்பிடணும். விட்டமின் மாத்திரை, செக்கப் ஆயுசுக்கும் உண்டு. பழையபடி கூல்டிரிங்க்ஸ், நொறுக்குத்தீனின்னு இறங்கினா எடையும் திரும்பும்.

ஆபத்தே இல்லையா? 2024 ஏப்ரலில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்காக சென்னை வந்த 26 வயசு புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு நூற்றில் ஒன்றைவிட ரொம்பக் குறைவுதான். ஆனாலும் கேளுங்க... ஐ.சி.யூ. இருக்கா? டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கார்? இதயம், நுரையீரலை மயக்க மருந்து டாக்டர் பார்த்தாச்சா?

உடல் பருமன் சோம்பேறித்தனம் இல்லை, வியாதி. ஜீன், ஹார்மோன், தூக்கம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த விஷயம். 2022-ல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சுகர், பி.பி., தைராய்டு பார்க்க அடுத்த வாரம் அவன் போறான். துணைக்கு நானும்.

ஆபரேஷன் வேணுமாங்கிறதை டாக்டர் சொல்லட்டும். ‘புல்டோசர்’ங்கிற பேரை மட்டும் நாங்க இன்னிக்கே வெட்டி எறிஞ்சாச்சு. உங்க கிளாஸில் எப்படி?