காயத்தைத் தாங்கும் நரம்புகள்



முற்றத்து மாவிலை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிளை நரம்புகளை இணைக்கும் நுண்ணிய வலைக்கண்கள் தெரியும். நீரைக் கொண்டுசெல்லக் கிளைகளே போதுமானவை; அப்படியானால் இவ்வலை எதற்காக?

அமெரிக்காவின் ரொக்பெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு இதற்கு விடை தந்தனர். எலுமிச்சை இலையின் நடுநரம்பில் துளையிட்டு, ஒளிரும் சாயத்தை ஓடவிட்டனர். அது சிறு நரம்புகளின் வழியே காயத்தைச் சுற்றிச் சென்று அப்பாலும் பரவியது. வலைக்கண்கள் அற்ற ஜிங்கோ மர இலைக்கு இவ்வாற்றல் இல்லை.

வெட்டுக்கிளியின் சிறகும் இதையே போதிக்கின்றது. சிறகில் உண்டாகும் கிழிசலைக் குறுக்கு நரம்புகள் தடுத்து நிறுத்துகின்றன என்றும், இதனால் கிழிசலைத் தாங்கும் வலிமை 50 வீதம் கூடுகின்றது என்றும் டப்ளின் ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தனர்.

காயப்படாத இலை அரிது. காயப்படாத குடும்பமும் அரிது. குடும்பத்தைத் தாங்கியவர் மறைந்த வீட்டில் அடுப்பை எரியவைப்பது எது? அயலவர் கொண்டுவரும் ஒருநேரச் சோறு, உறவினரின் ஓர் ஆறுதல் வார்த்தை. படைப்பில் சிறு நரம்புகளும் வீண் அல்ல.

பேச்சை முறித்துக்கொண்ட உறவு ஒன்று உங்களுக்கும் உண்டா? காயம் வரும்வரை காத்திராதீர்கள். இன்றே அவ்வீட்டுப் படலையைத் திறந்து செல்லுங்கள்.