ஸ்கார்பரோ – ரூஜ் ரிவர்: ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் தொகுதி ஒன்றின் வரலாறும் 'தமிழர் வாக்கு' என்னும் கருத்தும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமன்றத் தொகுதிகளுள் புலம்பெயர் தமிழர் அரசியல் குறித்த எழுத்துகளில் மிகுதியும் இடம்பெறுவது ஸ்கார்பரோ – ரூஜ் ரிவர் ஆகும். டொராண்டோ மாநகரின் (ஈழத்தமிழர் எழுத்தில் 'ரொறன்ரோ') வடகிழக்கு மூலையில், வடக்கே ஸ்டீல்ஸ் சாலைக்கும் தெற்கே 401ஆம் நெடுஞ்சாலைக்கும் ஏறக்குறைய இடைப்பட்டு இத்தொகுதி அமைந்திருந்தது. இன்று அப்பெயரில் மாகாணத் தொகுதி இல்லை. எனினும் அதனைத் 'தமிழர் தொகுதி' எனச் சுட்டும் வழக்கு தொடர்கிறது. அவ்வழக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தொகுதியின் வரலாற்றையும் தேர்தல் முடிவுகளையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இத்தொகுதி ஒரு சிக்கன நடவடிக்கையின் விளைவாகத் தோன்றியது. மைக் ஹாரிஸ் தலைமையிலான முற்போக்குப் பழமைவாதக் கட்சி அரசு 1996இல் இயற்றிய சட்டம், மாகாணச் சட்டமன்ற இடங்களை 130இலிருந்து 103ஆகக் குறைத்தது. கூட்டரசு நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளையே மாகாணத்திற்கும் உரியதாக்கியது. அவ்வாறு 1999ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்கார்பரோ – ரூஜ் ரிவர் மாகாணத் தொகுதியானது. அதற்கு முன்னர் இந்நிலப்பரப்பைச் சார்ந்திருந்த பழைய ஸ்கார்பரோ வடக்குத் தொகுதி, 1985 வரை பழமைவாதக் கட்சியின் தாமஸ் வெல்ஸ் வசம் இருந்தது. அவ்வாண்டு அங்கு வென்றவர் யமைக்காவில் பிறந்த லிபரல் கட்சியினர் ஆல்வின் கர்லிங். புதிய தொகுதியின் முதல் உறுப்பினரும் அவரே. 2003இல் அவைத்தலைவரான அவர், 2005இல் டொமினிக்கன் குடியரசுக்குக் கனடாவின் தூதராக நியமிக்கப்பட்டுப் பதவி விலகினார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் டிரினிடாடில் பிறந்த பாஸ் பால்கிசூன் லிபரல் கட்சிக்கு வெற்றி ஈட்டினார். கரிபியப் பின்னணியினர் இருவர் அடுத்தடுத்து வென்றதே, ஓர் இனக்குழுவின் பெயரால் இத்தொகுதியை அழைப்பதன் பொருந்தாமையைக் காட்டப் போதுமானது. சீனர், கரிபியர், பிலிப்பினர், பிற தெற்காசியர் எனப் பல மக்கள் வாழ்ந்த இடம் இது. 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து பெருகி வந்த தமிழர் அவர்களுள் ஒரு பகுதியினரே.

2007 வரை லிபரல் கட்சிக்கு இங்கு வலுவான எதிர்ப்பு எழவில்லை. 2011இல் நிலை மாறியது. புதிய சனநாயகக் கட்சியின் நீதன் சண், பால்கிசூனின் ஏறத்தாழ 42 விழுக்காட்டிற்கு எதிராக ஏறத்தாழ 36 விழுக்காடு வாக்குகளைப் பெற்று இரண்டாம் இடத்திற்கு வந்தார். அதே ஆண்டு மே மாதக் கூட்டரசுத் தேர்தலில் இதே பெயருள்ள தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்று கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். 2014இல் பால்கிசூன் ஏறத்தாழ 39, நீதன் சண் 31, பழமைவாதக் கட்சியின் ரேமண்ட் சோ 28 என வாக்குகள் மூன்றாகப் பிரிந்தன.

2016 மார்ச்சில் பால்கிசூன் பதவி விலகியதால் செப்டம்பர் 1 அன்று இடைத்தேர்தல் நடைபெற்றது. லிபரல் சார்பில் பிரகல் திரு, புதிய சனநாயகக் கட்சி சார்பில் நீதன் சண் என இரு தமிழர் போட்டியிட, வென்றவர் கொரியாவில் பிறந்து நெடுங்காலம் மாநகரசபை உறுப்பினராயிருந்த ரேமண்ட் சோ. அவர் பெற்றது 39 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவு. தமிழ் வேட்பாளர் இருவரும் சேர்ந்து பெற்றது 56 விழுக்காட்டளவு. இதிலிருந்து 'தமிழர் வாக்குப் பிரிந்ததால் தமிழர் தோற்றனர்' என்னும் விளக்கம் எளிதில் பிறக்கிறது.

இவ்விளக்கம் ஒரு பிழையான கூட்டலை அடிப்படையாகக் கொண்டது. வாக்குச்சீட்டு வாக்காளரின் இனத்தைப் பதிவு செய்வதில்லை. வேட்பாளர் பெற்ற வாக்கெல்லாம் அவருடைய இனத்தாரின் வாக்கு எனக் கொள்வதற்குச் சான்றில்லை. 2014ஆம் ஆண்டு முடிவோடு ஒப்பிடின் வேறொரு போக்கே புலப்படுகிறது. லிபரல் கட்சி தமிழர் ஒருவரை நிறுத்திய பின்னரும் அதன் பங்கு 39இலிருந்து 29ஆகச் சரிந்தது. பழமைவாதக் கட்சியின் பங்கு ஏறத்தாழ அதே அளவில் உயர்ந்தது. நீதன் சண்ணின் இழப்பு நான்கு விழுக்காட்டளவே. இடைத்தேர்தலில் வாக்களிப்போர் தொகை குறைவாதலின் இவ்வொப்பீட்டையும் எச்சரிக்கையுடனேயே கொள்ளுதல் வேண்டும். ஆயினும் மின்கட்டண உயர்வு, ஹைட்ரோ ஒன் நிறுவனப் பங்கு விற்பனை, பள்ளிப் பாலியல் கல்விப் பாடத்திட்டம் ஆகியவற்றால் கேத்லீன் வின் அரசின்மீது எழுந்திருந்த அதிருப்தி, இனவழி விளக்கத்தைவிட எண்களுக்கு நெருக்கமாக நிற்கிறது. பாடத்திட்டத்தைக் கைவிடுவதாகப் பழமைவாதக் கட்சித் தலைவர் பேட்ரிக் பிரவுனின் பெயரில் தொகுதியில் கடிதம் வழங்கப்பட்டதும், பின்னர் அது தவறென அவரே மறுத்ததும் அத்தேர்தலின் விந்தைகளுள் ஒன்று.

சோ விட்டுச் சென்ற மாநகரசபை 42ஆம் வட்டாரத்திற்கு 2017 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் நீதன் சண். வேட்பாளர் இருபதின்மருக்கும் மேல். ஆனால் மாநகரசபைத் தேர்தலில் கட்சிப் பெயர் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன் தோற்றவர், கட்சிச் சின்னம் நீங்கியவுடன் அதே பகுதியில் வென்றார் என்பது ஆய்வாளர் போதிய கவனம் செலுத்தாத செய்தி.

2018இல் தொகுதி மறைந்தது. அதன் பெரும்பகுதி புதிய ஸ்கார்பரோ வடக்குத் தொகுதிக்கும், எஞ்சியது ஸ்கார்பரோ – ரூஜ் பார்க் தொகுதிக்கும் சென்றன. முன்னதில் சோ வென்றார். பின்னதில் பழமைவாதக் கட்சியின் விஜய் தணிகாசலம், ஆயிரத்திற்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றார். அங்கும் லிபரல் வேட்பாளர் தமிழரே. இரு தமிழர் போட்டியிட்டும் ஒருவர் வென்றமை 'பிரிவு' விளக்கத்தை மேலும் தளர்த்துகிறது. மார்க்கம் – தோர்ன்ஹில் தொகுதியில் லோகன் கணபதியும் அதே தேர்தலில் வெற்றி பெற, ஒன்ராறியோ சட்டமன்றத்திற்கு முதன்முறையாகத் தமிழர் இருவர் சென்றனர். இருவரும் பல ஆண்டுகளாகத் தமிழர் பெரிதும் சார்ந்ததாகக் கருதப்பட்ட லிபரல் கட்சியினர் அல்லர்.

தணிகாசலம் கொண்டுவந்த தனிநபர் மசோதாவான 104, தமிழினப் படுகொலை குறித்த அறிவூட்டல் வாரமாக மே மாதத்தில் ஏழு நாட்களை அறிவித்து 2021இல் சட்டமாயிற்று. நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டும் நிலைத்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்தலிலும் இரு தொகுதிகளையும் சோ, தணிகாசலம் ஆகியோரே தக்கவைத்துக் கொண்டனர்.