மௌனமும் விழிப்பும்: பெருமாள்மலை எழுப்பும் வினா

அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஊழியர்கள் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி, 1845-ஆம் ஆண்டில் கோடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். அன்றுமுதல் பழனி மலைத்தொடர் நம் திருச்சபைக்கு ஓய்வின் இடமாயிற்று. அதே மலையில், பெருமாள்மலையில், இயேசு சபைக் குருவாகிய அமா சாமி அவர்கள் 1996-இல் 'போதி ஜென்டோ' என்னும் தியான இல்லத்தை நிறுவினார். ஜப்பானின் காமகுராவில் யமதா கோவுன் என்னும் ஜென் ஆசிரியரிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் உரிமை பெற்றவர் அவர். பௌத்த மரபில் வளர்ந்த மௌனத்தைக் கிறிஸ்தவர் பயிலலாமோ என்னும் வினா நம்முன் எழுகிறது.

அம்மரபின் பயிற்சி எளியது. முதுகை நிமிர்த்தி அமர்தல், சுவாசத்தைக் கவனித்தல், எழும் எண்ணத்தைத் தொடராமலும் விரட்டாமலும் விடுதல். அமர்ந்திருப்பதோடு அது முடிவதில்லை. தரையைக் கூட்டுவதும் காய்கறி நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் அதே கவனத்தோடு செய்யப்பட வேண்டும்.

நம் முதல் ஐயம் கிருபையைப் பற்றியது. மௌனத்தினால் மனிதன் தன்னை இரட்சித்துக்கொள்ள இயலுமோ? இயலாது. எனினும், விசுவாசம் கேட்பதில் பிறக்கிறதெனில், கேட்கும் செவி வேண்டாமோ? ஓரேபில் எலியா கற்றது இதுவே. கெத்செமனேயில் ஆண்டவர் சீஷரிடம் வேண்டியது பெருஞ்செயல் அன்று, தம்மோடு விழித்திருத்தலே. மௌனம் கிருபையை ஈட்டுவதில்லை. ஈந்த கிருபையைப் பெறக் கையை விரிக்கிறது.

இரண்டாம் ஐயம் அயலானைப் பற்றியது. தியானம் ஓய்வுடையோரின் இன்பமன்றோ? 1975-இல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் விபாசனா வகுப்பு நடைபெற்றது. 1994 ஏப்ரலில், கிரண் பேடி அவர்களின் பொறுப்பிலிருந்த திகார் சிறையில், கோயங்கா அவர்களிடம் ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் பத்து நாள் பயின்றனர். மதிலுக்குள்ளும் மௌனம் நுழையும் என்பதற்கு இது சான்று. ஆயினும் 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் நால்வரில் மூவர் தீர்ப்பு பெறாத விசாரணைக் கைதிகள். நீதி தாமதிக்கும் இடத்தில் மன அமைதியை மட்டும் போதிப்பது, காயத்தை மேலோட்டமாக ஆற்றுவதாகும் என்று எரேமியா நம்மைக் கடிந்துகொள்வார்.

பள்ளிகளிலும் இம்முயற்சி பரவியுள்ளது. டெல்லி அரசு 2018-இல் தன் பள்ளிகளில் மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தொடங்கி, அதில் மனக்கவனப் பயிற்சிக்கு இடமளித்தது. ஆனால் பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் அதிகமான மாணவரிடையே நடந்த பேராய்வு 2022-இல் வெளியானபோது, இத்தகைய வகுப்புகள் வழக்கமான கல்வியைவிட மாணவரின் மனநலத்தை மேம்படுத்தியதாகக் காணவில்லை. பயிற்சியை வீட்டில் தொடர்ந்தோர் சிலரே. கவனம் என்பது பாடவேளையில் ஊட்டிவிடத்தக்க மருந்தன்று.

ஆதலின் மௌனத்தைப் பிறர்க்கு விதிக்குமுன் போதகராகிய நாமே அதைப் பயிலக் கடமைப்பட்டுள்ளோம். நோயாளியின் கட்டிலருகே நின்றும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்போமாயின் நாம் அங்கே இல்லை. பிரசங்கம் ஆயத்தம் செய்யுமுன் பத்து நிமிடம் திருமறையின்முன் பேசாதிருப்போம். பின்பு சிறைக்கும் செல்வோம். சொல்வதற்கு முன், வழக்கு எந்நிலையில் உள்ளதென்று கேட்போம். அமர்ந்திருந்தபோது நாம் உண்மையாய் விழித்திருந்தோமோ என்பதை, எழுந்து சென்று சந்திக்கும் அயலானே அறிவான்.