வெள்ளத்தில் படகு செல்லும் வழியை முன்னரே குறித்து வைத்தல்

சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் வழங்கும் செஞ்சியாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சியளிப்பது. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல்மழை பெய்யுங்கால் அதன் இயல்பு முற்றும் மாறிவிடும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகில் கரையைக் கடந்த சமயம், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம் ஜில்லாவில் பல ஊர்களை நீர் சூழ்ந்து, படகுகளைக்கொண்டு ஜனங்களை மீட்க நேர்ந்தது.

அத்தகைய வேளையில் உதவிக்கு வருவோர் பெரும்பாலும் வெளியூரார். கடலில் பழகிய மீனவருக்கும் நம் வயல்வெளி புதிதே. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, முள்கம்பி வேலி, பம்புசெட்டு அறை, மதகு, கலங்கல் யாவும் கலங்கிய நீரின்கீழ் மறைந்து கிடக்கும். 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தில் எண்ணற்றோரைக் காத்த மீனவர்களின் படகுகள் பல, நீருள் மறைந்த சுவர் முதலியவற்றில் மோதிச் சேதமுற்றன. ஆகவே, நிலத்தை அறிந்தவர்களே கோடையில் வழியைக் குறித்துவைத்தல் அவசியமாகும்.

இதற்கு ஜி.பி.எஸ். உதவும். பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைக் கருவி பெற்று, அவை வந்துசேர்ந்த காலத்தைக்கொண்டு தானிருக்கும் இடத்தைக் கணக்கிடுகின்றது. கைப்பேசியிலும் இவ்வசதியுண்டு. தொலைபேசிக் கோபுரங்கள் பழுதுற்றாலும் இது இயங்கும். ஆனால் தேசப்படத்தை முன்னரே கருவியில் இறக்கி வைத்திருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டிய முறை வருமாறு:

1. வெள்ளம் சூழக்கூடிய ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் மேட்டுப்பாங்கான பள்ளி அல்லது தார்ச்சாலை வரையில், படகு செல்லத்தக்க வழியைக் கருவியுடன் நடந்து பார்க்கவும். வழி திரும்பும் இடந்தோறும் ஒரு வழிப்புள்ளியைப் பதியவும்.

2. கிணறு, வேலி, மதகு, கலங்கல், தாழ்ந்த மின்கம்பி ஆகியவற்றை அபாயப் புள்ளிகளாகத் தனியே பதியவும். நீர் ஐந்தடி உயர்ந்தால் மின்கம்பி படகோட்டியின் தலைக்கு ஐந்தடி நெருங்கிவிடும் என்பதை மறத்தலாகாது.

3. இரு புள்ளிகளைக் கருவி நேர்கோட்டால் இணைக்குமேயன்றி, இடையிலுள்ள கிணற்றை அறியாது. ஆதலின் ஒவ்வொரு கோட்டையும் படத்தில் சோதித்து, இடையூறு இருப்பின் இன்னொரு புள்ளியிட்டு வழியை விலக்கவும். திறந்த வெளியிலும் கருவி சில மீட்டர் பிழைபடக்கூடும். மரத்தடியில் பிழை மிகும். எனவே அபாயப் புள்ளிக்கு 20 மீட்டருக்குக் குறையாமல் ஒதுங்கிச் செல்லுமாறு வழியை அமைப்பது நலம்.

4. கோயில் கோபுரம், பனைவரிசை, நீர்த்தேக்கத் தொட்டி போன்ற, வெள்ளத்திலும் தெரியும் அடையாளங்களை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிவைக்கவும். கருவி பழுதுற்றால் இவையே துணை.

எண்களை எழுதுங்கால் மிகுந்த கவனம் வேண்டும். 12 பாகை 15.50 கலை என்பது வேறு. 12 பாகை 15 கலை 50 விகலை என்பது வேறு. இவ்விரண்டிற்கும் தரையில் 600 மீட்டருக்கு மேல் வித்தியாசமுண்டு. இரவில் அவ்வளவு விலகினால் படகு ஏரிக் கலங்கலின் இழுப்பில் அகப்படவுங் கூடும். ஆகையால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

புதிய கிணறும் வேலியும் ஆண்டுதோறும் தோன்றுவன. வெள்ளம் கரையை அறுத்து ஓடையின் போக்கையும் மாற்றும். எனவே ஒவ்வொரு புரட்டாசியிலும் வழியை மீண்டும் நடந்து பார்த்துத் திருத்தவேண்டும். திருத்திய பிரதிகளைக் காகிதத்திலும் எழுதி, தாலுக்கா அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்துவைக்க.

குறித்த வழி இருப்பதுபற்றி ஓட்டத்தில் அசட்டை கூடாது. முன்னால் ஒருவர் கழியால் ஆழம் பார்க்க, படகு மெதுவாகவே செல்லல் வேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே புறப்படுதல் தகும். நீர் ஏறுமுன் ஜனங்களை மேட்டிற்கு அனுப்புவதே எல்லாவற்றினும் சிறந்தது. ஜில்லா அவசர உதவிக்கான தொலைபேசி எண் 1077. நிலச்சொந்தக்காரர்கள் தத்தம் கிணறு, வேலிகளின் இடத்தைக் கிராம நிர்வாக அலுவலருக்குத் தாமே தெரிவிப்பாராயின், ஓர் ஊருக்கான வேலையைச் சில நாட்களில் முடித்துவிடலாம்.