படக்கதைப் பெண்களும் நம் வீட்டுப் பெண்களும்

நம் சாலைக் கடைத்தெருவில் எது கிடைக்காது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கிழக்கேகோட்டையில் புறப்பட்டு ஆரியசாலை தாண்டிக் கிள்ளிப்பாலம் போய்ச் சேர்வதற்குள் வெற்றிலை முதல் வெண்கல உருளி வரை எல்லாம் வாங்கிவிடலாம். திவான் ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கடைவீதி இது. பாண்டி நாட்டிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தராசு பிடித்திருக்கிறார்கள். மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் இதே தெருவில் கடை நடத்திக்கொண்டே 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். அவை பெரியவர்களுக்கான கதைகள். நாம் இங்கே பேசப் போவது நம் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்கும் கதைகளைப் பற்றி.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் என்று வளரும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே முதல் வாசிப்பு பெரும்பாலும் படக்கதைதான். ராஜகுமாரி எப்படி இருப்பாள், சூனியக்காரி எப்படி இருப்பாள் என்பதெல்லாம் அந்தக் கட்டங்களில்தான் மனதில் பதிகின்றன. நம் பெண் குழந்தைகள் அங்கே தங்களை யாராகப் பார்க்கிறார்கள் என்று நாம் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறோமா?

முதலில் உள்ளூர்ச் சரக்கு. 'பாலரமா'வில் 1984 முதல் வரும் 'மாயாவி'யை அறியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. (இதில் நம் வீடுகளுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆகவே அப்பா சொல்லும் மாயாவி வேறு, பிள்ளை சொல்லும் மாயாவி வேறு!) பாலரமாவின் மாயாவி காட்டில் வாழும் நல்ல குட்டிச்சாத்தான். ராஜு, ராதா என்ற இரு குழந்தைகளை ஆபத்திலிருந்து காப்பாற்றுவது அவன் வேலை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: ராதா மட்டும் மாட்டிக்கொள்வதில்லை, ராஜுவும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறான். அந்த வகையில் இது பழைய தேவதைக் கதைகளைவிட மேல். ஆனால் அந்தக் கதையில் வயதான பெண் யார் என்று பார்த்தால் டாகினி, மந்திரவாதி குட்டூசனின் கூட்டாளி. கிழவி என்றால் சூனியக்காரி என்ற பழைய கணக்கு அப்படியே நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், சொந்தமாக ஒரு யோசனை வைத்துக்கொண்டு குட்டூசனிடமே சண்டை போடுகிறவளும் இந்த டாகினிதான்.

அமர் சித்திரக் கதையை எடுத்துக்கொள்வோம். 1967இல் அனந்த் பை அதைத் தொடங்கினார். அந்தத் தொடரின் பட்டியலில் கிருஷ்ணன் கதைக்கு எண் 11 என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படியானால் முதல் பத்து? அவை சிண்டரெல்லா, ஸ்நோ ஒயிட், உறங்கும் அழகி, சிவப்புத் தொப்பிச் சிறுமி போன்ற மேல்நாட்டுத் தேவதைக் கதைகள்! பாரதக் கதை சொல்லப் பிறந்ததாக நாம் நினைக்கும் தொடர், கண்ணாடிச் செருப்பில் கால் வைத்துத்தான் நடக்கத் தொடங்கியது.

அதன் பிறகு சகுந்தலை, சாவித்திரி, நள தமயந்தி என்று நம் கதைப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். காத்திருப்பவள், கணவனை மீட்பவள், பிரிந்து வாடுபவள். பிற்பாடு ஜான்சி ராணியும் சாந்த் பீபியும் ரசியா சுல்தானாவும் வந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தீயில் குதித்த பத்மினியும் அதே அலமாரியில்தான் இருக்கிறாள். நந்தினி சந்திரா 2008இலும் கார்லின் மெக்லெய்ன் 2009இலும் இந்தத் தொடரைப் பற்றித் தனித்தனி ஆய்வு நூல்களே எழுதிவிட்டார்கள். பட்டியல் போட்டு எண்ணுவதை அவர்களிடம் விட்டுவிடலாம். எனக்குச் சாவித்திரி விஷயத்தில் மட்டும் ஒரு மனக்குறை. மகாபாரதத்தில் அவள் எமனோடு தர்மம் பேசி, ஒவ்வொரு வரமாக வாங்கி, கடைசியில் அவன் வார்த்தையாலேயே அவனை மடக்குகிறாள். சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் பேரம் பேசிய வியாபாரிகூட அவளிடம் பாடம் கேட்கலாம். அப்படிப்பட்டவளைப் 'பதிபக்தி' என்ற ஒற்றைச் சீட்டை ஒட்டித்தான் நாம் பெண்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவள் புத்தி எங்கே போயிற்று?

1980களில் எர்ணாகுளத்துப் பைகோ நிறுவனம் வாண்டுமாமாவை ஆசிரியராக வைத்துப் 'பூந்தளிர்' என்ற தமிழ்ச் சிறுவர் இதழை நடத்தியது. கேரளத்திலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகை! அது நின்றபோது நம் பிள்ளைகள் இழந்ததைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

'அம்புலிமாமா' 1947 ஜூலையில் பிறந்தது, 2013 அளவில் நின்றுபோனது. அதில் வந்தவை கட்டம் கட்டிய காமிக்ஸ் அல்ல, படத்தோடு கூடிய கதைகள். ஆனாலும் தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம் எந்தக் காமிக்ஸ் நாயகனுக்கும் குறைந்ததல்ல. வேதாளம் சொன்ன பழைய கதைகள் இருபத்தைந்து. அவை தீர்ந்த பிறகும் வேதாளத்தை விடாமல் புதுக்கதை சொல்ல வைத்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு கதையிலிருந்து கிளைக்கதை, அதிலிருந்து இன்னொரு கிளை.

பழைய இருபத்தைந்தில் மந்தாரவதி கதை ஒன்று உண்டு. அவளை மணக்க மூன்று இளைஞர்கள் வருகிறார்கள். திடீரென்று அவள் இறந்துபோகிறாள். ஒருவன் அவளுடைய சாம்பலிலேயே படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்பைக் கங்கையில் கரைக்கப் போகிறான். மூன்றாமவன் ஊர் சுற்றி, உயிர் கொடுக்கும் மந்திரத்தோடு திரும்புகிறான். பெண் பிழைக்கிறாள். மூவரில் யாருக்கு அவள் உரியவள் என்று வேதாளம் கேட்கிறது. உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, எலும்பு கரைத்தவன் மகன் முறை, சாம்பலில் கிடந்தவனே கணவன் என்று ராஜா தீர்ப்புச் சொல்கிறார். வெகு சாமர்த்தியமான பதில்தான். ஆனால் பிழைத்து எழுந்து அங்கேயே நிற்கிறாளே மந்தாரவதி, அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வேதாளமும் கேட்கவில்லை, ராஜாவும் கேட்கவில்லை. உறவுக்காரச் சிறுமி ஒருத்தியிடம் இந்தக் கதையைச் சொல்லி, "நீ மந்தாரவதியாக இருந்தால் யாரைக் கட்டுவாய்?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "முதலில் நான் ஏன் செத்தேன் மாமா, அதைச் சொல்லுங்கள்" என்றாள். 

அதற்கும் முந்தியது பெரிய எழுத்துப் புத்தகம். மரக்கட்டைப் படங்களோடு திருவிழாக் கடைகளில் விற்ற 'அல்லி அரசாணி மாலை'யை நம் ஆச்சிமார் ராகம் போட்டுப் படித்தார்கள். அல்லி மதுரையைத் தனியாக ஆண்டவள், ஆண் வாடையே வேண்டாம் என்றவள். அருச்சுனன் என்ன செய்தான்? கண்ணன் துணையோடு பாம்பாக உருமாறி அவள் படுக்கையறைக்குள் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிட்டான். கேட்டவர்கள் சிரித்தார்கள், ரசித்தார்கள். இன்றைக்கு ஒரு சிறுமிக்கு அதை விளக்கிச் சொல்லப் பாருங்கள், வாய் குழறும். கதை மறந்துபோனது. வீட்டில் பெண் பேச்சு எடுபட்டால் 'அல்லி ராஜ்ஜியம்' என்று குத்திக்காட்டும் வழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இப்படி மிஞ்சிய இன்னொரு சொல் 'நீலிக் கண்ணீர்'. அழும் பெண்ணின் வாயை அடைக்க இதைவிடச் சுலபமான சொல் தமிழில் இல்லை. யார் இந்த நீலி? திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. சம்பந்தர் தேவாரமே அதைத் தொட்டுச் செல்கிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று ஊராரிடம் அழுகிறாள். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவன் மடிகிறான். எழுபது பேரும் தீப்புகுந்து வாக்கைக் காப்பாற்றுகிறார்கள். அந்த எழுபது பேரின் சத்தியம் புகழ் பெற்றது. நீலியின் கண்ணீர் வசைச்சொல் ஆயிற்று. அவள் உயிரைப் பறித்த முதல் கொலையை யாரும் பழமொழியாக்கவில்லை!

நமக்கு இன்னும் பக்கத்தில், நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டிலும் ஒரு நீலி உண்டு. வில்லுப்பாட்டில் அவள் கதையைக் கேட்டவர்கள் நம் சாலைக் குடும்பங்களிலேயே நிறையப் பேர். மலையாளத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்து வெளியிட்ட 'ஐதீகமாலை'யில் இவளுக்கு ஒரு தங்கை போல ஒரு யட்சி வருகிறாள். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் வரும் காட்டு வழியில் நின்று, வழிப்போக்கரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள். கடமற்றத்துக் கத்தனார் அவள் தலையில் ஆணி அடித்து அடக்கி, வேலைக்காரியாகக் கூட்டிப் போகிறார். ஒரு வீட்டுக் கிழவி அவளுக்குத் தலை வாரும்போது ஆணி தட்டுப்பட, ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகிறாள். அந்தக் கணமே யட்சி மறைகிறாள். பிற்காலத்தில் நீலியையும் இந்த யட்சியையும் ஒருத்தியாக்கிவிட்டார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கத்தனார் அல்ல, அந்தக் கிழவிதான். சூனியக்காரி அல்லாத ஒரு கிழவி கதைக்குள் வருவதே அபூர்வம்.

இந்த நீலிதான் 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'லோகா' மலையாளப் படத்தில் வீரநாயகியாக எழுந்து வந்தாள். டொமினிக் அருண் இயக்க, கல்யாணி பிரியதர்ஷன் நடித்தார். பயமுறுத்தப் படைக்கப்பட்டவளைக் காவல் காப்பவளாக மாற்றிய படம் கேரளம் முழுவதும் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்த தலைமுறைக்கு நீலி என்றால் கண்ணீர் நினைவுக்கு வராமல் போகலாம்.

மேல்நாட்டிலும் இந்த மாற்றம் நடந்தது, ஆனால் இரண்டு திசையில். 2002இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபேபிள்ஸ்' காமிக்ஸில் ஸ்நோ ஒயிட் விவாகரத்தானவள், ஓர் ஊரின் நிர்வாகத்தையே கவனிக்கிறாள். சிண்டரெல்லா உளவாளி, அவளுக்கென்று தனிக் கிளைத்தொடரே வந்தது. 2005இல் வேறொரு நிறுவனம் 'கிரிம் ஃபேரி டேல்ஸ்' என்று ஆரம்பித்தது. அதே கதைப் பெண்கள்தான், ஆனால் அட்டையைப் பார்த்தால் வீட்டுக்குள் கொண்டுவரக் கூசும். அடுப்படியிலிருந்து அவளை விடுவித்துக் கடை ஜன்னலில் நிறுத்துவதற்குப் பேர் விடுதலையா? பிள்ளைகள் கைப்பேசியில் எதைப் புரட்டினாலும் இரண்டும் கலந்தே வருகின்றன என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில், சென்னை தாரா புக்ஸ் 2011இல் வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா'வைத் தாராளமாகக் கையில் கொடுக்கலாம். வங்கத்துப் பட ஓவியர் மொய்னா சித்ரகார் வரைய, சம்ஹிதா ஆர்னி எழுதியது. சீதையே பேசுகிறாள். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாமே.

தமிழ்க் காமிக்ஸ் பக்கம் ஒரு தகவல்: 1984இல் ராணி காமிக்ஸ் முதல் இதழ் 'அழகியைத் தேடி'. அதே ஆண்டு லயன் காமிக்ஸ் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ஒன்றில் அழகி தேடப்படுகிறாள், மற்றதில் ஒரு பெண்ணே துப்பறிந்து சண்டை போடுகிறாள். மாடஸ்டி நம் ஊர்க்காரி அல்லதான். இருந்தாலும் தமிழ்ச் சிறுவர்கள் ஒரு பெண்ணைத் தலைவியாக ஏற்று ரூபாய் கொடுத்து வாங்கினார்கள் என்பது பதிவாகிவிட்டது.

கண்ணகிக்கும் அமர் சித்திரக் கதை உண்டு. ஆனால் திருவனந்தபுரத்துத் தமிழருக்கு அவள் புத்தகத்தில் மட்டும் இருப்பவள் அல்ல. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் போகும் வழியில் ஆற்றுகாலில் தங்கியதாக ஐதீகம். கிள்ளியாற்றங்கரையில் சிறு பெண்ணாக வந்து, அக்கரை சேர்க்கச் சொல்லி முல்லுவீட்டுக் காரணவரைக் கேட்டாளாம். சிலப்பதிகாரத்தில் அவள் சபைக்குள் நுழைந்து வழக்குரைத்து, சிலம்பை உடைத்துச் சாட்சி காட்டி, மன்னன் தீர்ப்பு தவறு என்று நிரூபிக்கிறாள். அதன் பிறகுதான் தீ. குழந்தைகளுக்காகச் சுருக்குகிறவர்கள் கணவன் இறந்த சோகத்தையும் நகரம் எரிவதையும் விடமாட்டார்கள், படம் போட வசதி. நடுவில் இருக்கும் வழக்கைத்தான் இரண்டு வரியில் முடிப்பார்கள். பெரியவர்களாகிய நாமும் 'கற்பின் தெய்வம்' என்று சொல்லிவிட்டுப் பொங்கல் பானையைத் தேடப் போய்விடுகிறோம்.

கும்ப மாதத்தில் பத்து நாள் விழா. தினமும் தோற்றம் பாட்டில் அவள் கதை கொஞ்சம் கொஞ்சமாகப் பாடப்படுகிறது. ஒன்பதாம் நாள் பூரத்தன்று, பாண்டியன் மடியும் கட்டத்தைப் பாடி முடித்த பிறகே கோவிலில் அடுப்புக்குத் தீ எடுக்கிறார்கள். அந்தத் தீ கை மாறிக் கை மாறி மணக்காடு, கிழக்கேகோட்டை, சாலை என்று பரவி வருகிறது. அதிகாலையிலேயே செங்கல் அடுக்கி இடம் பிடித்துவிட்ட நம் வீட்டுப் பெண்கள், தீ வரும் வரை மணிக்கணக்கில் கடைவாசலில் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் பேத்திகள் உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வழக்குரை காதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிக்க அந்த நேரம் தாராளம்.